பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்குப் போடுங்கள்

உலு திராமில் குடியிருந்துகொண்டு ஸ்கூடாயிலோ ஜொகூர் பாருவிலோ படிக்கும் மாணவருக்கு, மோட்டார் சைக்கிள் இனிப் போதாது என்று தோன்றும் நாள் ஒன்று வரும். பெரும்பாலும் அது மழை நாளாக இருக்கும். மாலை வகுப்பு முடிந்து, கோத்தா திங்கி சாலையில் செம்பனை லோரிகளுக்குப் பின்னால் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்வீர்கள். துண்டை நீட்டிக்கொண்டே அம்மா சொல்வார்: "ஒரு பழைய காடியாவது பாருப்பா."

பணம்? பகுதி நேர வேலையில் நீங்கள் சேர்த்தது கொஞ்சம். அப்பா விடியற்காலையில் எழுந்து காஸ்வே தாண்டிப் போய் உழைத்து மிச்சம் பிடித்தது மீதி. எல்லாம் சேர்த்து 18,000 வெள்ளி தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பழைய கார் விற்கும் இடத்துக்குப் போகிறீர்கள். அங்கே இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று இரண்டு கதவு கொண்ட வெள்ளை நிற புரோட்டோன் சத்ரியா நியோ. தாழ்ந்த உடல், பெரிய ரிம், பின்னால் ஸ்பாய்லர், பருத்த புகைக்குழாய். இன்னொன்று வெள்ளி நிறத்தில் ஒரு பெரோடுவா மைவி 1.5. அதை உங்கள் தாமானில் பத்து வீட்டில் பார்க்கலாம். ஆசிரியர் ஓட்டுவார், பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப் போவார்கள்.

உங்கள் கால்கள் எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்குத் தெரியும். அதில் தவறு இல்லை. ஆனால் கையைக் காசோலையில் வைப்பதற்கு முன், பள்ளியில் படித்த இயற்பியலைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். எந்தக் கார் உண்மையிலேயே 'ஸ்போர்ட்ஸ்' கார் என்பதை அது சொல்லும். அதைவிட முக்கியமாக, எந்தக் கார் உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்கும் என்பதையும் சொல்லும்.

மூன்று வேலைகள், நான்கு உள்ளங்கைகள்

ஒரு கார் செய்யும் வேலைகள் மூன்றே மூன்று: வேகம் எடுப்பது, திரும்புவது, நிற்பது. இந்த மூன்றையும் நன்றாகச் செய்வதுதான் ஸ்போர்ட்ஸ் கார். முதல் வேலையை மட்டும் பார்த்து வாங்குபவர்களே அதிகம்.

மூன்று வேலைக்கும் தேவையான விசை முழுவதும் டயர் தரையைத் தொடும் இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவுதான். ஆக, ஒரு டன் எடையுள்ள கார் நான்கு உள்ளங்கைகளின் மேல் ஓடுகிறது. இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குதிரைத்திறனை எடையால் வகுங்கள்

விளம்பரத்தில் குதிரைத்திறன் பெரிய எழுத்தில் இருக்கும், எடை இருக்காது. ஆனால் நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, ஒரே விசை கொடுத்தால் எடை குறைந்த பொருளே விரைவாக வேகம் எடுக்கும். எனவே குதிரைத்திறனைக் காரின் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

2006இல் வெளிவந்த சத்ரியா நியோ 1.6இன் கேம்ப்ரோ என்ஜின் 110 குதிரைத்திறன் கொண்டது. காரின் எடை ஏறத்தாழ 1,150 கிலோ, அதாவது 1.15 டன். 110ஐ 1.15ஆல் வகுத்தால், டன்னுக்கு 96 குதிரைத்திறன்.

2011இல் வந்த இரண்டாம் தலைமுறை மைவியின் 1.5 என்ஜின் 104 குதிரைத்திறன் கொண்டது. எடை ஏறத்தாழ 960 கிலோ. வகுத்தால், டன்னுக்கு 108.

பாட்டியைக் கிளினிக்குக் கூட்டிப் போகும் கார்தான் முன்னால் நிற்கிறது!

இப்போது உங்களையும் மூன்று நண்பர்களையும் காரில் ஏற்றுங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் 260 கிலோ கூடுகிறது. மைவி 85க்கு இறங்குகிறது. நியோ 78க்கு இறங்குகிறது. தனியாக ஓட்டிப் பார்த்தபோது எளிதாக லோரியை முந்திய கார், நண்பர்களோடு போகும்போது டன்னுக்கான திறனில் ஏறத்தாழ ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கை இழந்திருக்கும். அதே இடத்தில் அதே நம்பிக்கையோடு முந்தப் போவதுதான் ஆபத்து. கார் மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

அந்த 110 எப்போது கிடைக்கும்?

இன்னொரு விஷயத்தையும் விளம்பரம் சொல்லாது. 110 குதிரைத்திறன் எப்போதும் கிடைப்பதில்லை. நியோவில் அது என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது மட்டுமே கிடைக்கும்.

ஸ்பேனரால் ஒரு நட்டைத் திருகும்போது கை கொடுக்கும் திருகும் வலுவை முறுக்குவிசை என்கிறோம். என்ஜினின் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. அன்றாடம் சாலையில் நீங்கள் 2,500 சுற்றில்தான் ஓட்டுவீர்கள். அப்போது முறுக்குவிசை 130 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், கிடைப்பது 34 கிலோவாட், அதாவது சுமார் 46 குதிரைத்திறன். விளம்பரத்தில் சொன்னதில் பாதிகூட இல்லை.

2004இல் புரோட்டோன் ஜென்-2 காரோடு அறிமுகமான கேம்ப்ரோ என்ஜினில், 2,500 முதல் 3,500 சுற்றுக்கு இடையே முறுக்குவிசை சற்றுத் தொய்வடைவதாக ஓட்டியவர்கள் பரவலாகச் சொன்னார்கள். சாலையில் முந்தும்போது மிகவும் தேவைப்படும் இடம் அதுதான். பிறகு, வால்வு திறக்கும் அளவையும் காற்று உள்ளே வரும் குழாயின் நீளத்தையும் சுற்றுக்கு ஏற்ப மாற்றும் 'சிபிஎஸ்' வகை என்ஜின் வந்தது. சத்ரியா நியோவுக்கு அது 2009இல் கிடைத்தது. திறன் 125 குதிரைத்திறனாக உயர்ந்தது. எடையால் வகுத்தால் டன்னுக்கு 109, மைவியைத் தொட்டுவிட்டது.

எனவே 'சத்ரியா நியோ' என்ற பெயரை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். எந்த ஆண்டு, எந்த என்ஜின் என்று கேளுங்கள். சிபிஎஸ் என்ற எழுத்தைக் கடையில் வாங்கி யாரும் ஒட்டிவிடலாம். 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் பதிவு ஆவணத்தில் உள்ள என்ஜின் எண்தான் சாட்சி.

ராலியில் ஓடியது வேறு கார்

"இந்தக் கார்தானே ராலியில் ஜெயித்தது?" என்று வியாபாரி சொல்லக்கூடும். பாதி உண்மை. 2011இல் ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை அலிஸ்டர் மெக்ரே வென்றது சத்ரியா நியோ எஸ்2000 காரில்தான். ஆனால் எஸ்2000 விதிப்படி கட்டப்படும் கார்களில் 2 லிட்டர் என்ஜினும், நான்கு சக்கரங்களுக்கும் திறன் போகும் அமைப்பும் இருக்கும். கடையில் நிற்கும் நியோவில் 1.6 லிட்டர் என்ஜின். முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். வெளி உருவம் ஒன்று. உள்ளே இருப்பது வேறு.

நம் நாட்டின் கரம்ஜிட் சிங் 2002இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்று பெருமை சேர்த்தார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன் காரை அடிப்படையாகக் கொண்டது. போட்டிக் காரின் ஸ்டிக்கர் ஓர் அழகு. அதற்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

மாற்றம் செய்த கார்: சத்தம் கூடும், திறன் குறையும்

மாணவர்களைக் கவரும் பழைய கார்களில் பல, முன்பிருந்தவர் 'மோடிஃபை' செய்தவை. அவற்றில் மூன்றை மட்டும் அறிவியல் கண்ணால் பார்ப்போம்.

முதலாவது, திறந்த காற்று வடிகட்டி. பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றை என்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். மிதித்ததும் 'புஸ்' என்று உறிஞ்சும் சத்தம் வரும். ஆனால் அது உறிஞ்சுவது என்ஜின் அறையின் சூடான காற்றை. வெளிக்காற்று 30 பாகை, உள்ளே 60 பாகை என்றால், கெல்வின் அளவில் 303க்கும் 333க்கும் உள்ள விகிதப்படி காற்றின் அடர்த்தி 9 விழுக்காடு குறைகிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜனும் குறைவு. கூடியது சத்தம், குறைந்தது திறன்.

இரண்டாவது, வெட்டப்பட்ட ஸ்பிரிங். காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டிவிடுவார்கள். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் அது விறைப்பாகும் என்பது இயற்பியல். ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. இரண்டும் ஒத்துப்போகாதபோது, மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும். துள்ளும் நொடியில் டயர் தரையை அழுத்திப் பிடிப்பதில்லை. நான்கு உள்ளங்கைகளில் ஒன்று அந்தரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மூன்றாவது, பெரிய ரிம். ரிம் பெரிதானால் பெரும்பாலும் எடையும் கூடும். அந்த எடை சக்கரத்தின் விளிம்புப் பக்கம் இருப்பதால், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். டயரின் மொத்த விட்டம் மாறியிருந்தால் வேகமானியும் பொய் சொல்லும்.

பொதுவான விதி இது: இரண்டு கார்கள் ஒரே விலையில் இருந்தால், யாரும் கை வைக்காத காரை வாங்குங்கள்.

நிற்பதுதான் பெரிய வேலை

ஓடும் காரின் இயக்க ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி வருவது. வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். ஒரு டன் கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது 139 கிலோஜூல். 90 கிலோமீட்டரில் போகும்போது 312 கிலோஜூல்.

312 கிலோஜூல் என்றால் எவ்வளவு? 25 பாகையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம், ஏறத்தாழ அவ்வளவுதான். 90இல் இருந்து ஒரே ஒரு தடவை பிரேக் பிடித்து நின்றால், ஒரு கெண்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. தேய்ந்த பிரேக் பேடும் மெலிந்த டிஸ்க்கும் அதைத் தாங்க வேண்டும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் நாட்டு ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், குமிழி உண்டாகும். குமிழியை அழுத்தலாம், ஆனால் அது விசையைச் சக்கரத்துக்குக் கடத்தாது. பெடல் பஞ்சு போல உள்ளே போகும், கார் நிற்காது. வாங்கிய முதல் வாரத்தில் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். அதிகம் செலவாகாத வேலை.

இப்போது தூரத்தைக் கணக்கிடுவோம். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். காய்ந்த சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு 0.7 என்று எடுத்துக்கொண்டால்:

60 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நொடியில் போவது 17 மீட்டர். பிரேக் பிடித்தபின் 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர்.

90 கிலோமீட்டர் வேகத்தில், 25 மீட்டரும் 46 மீட்டரும் சேர்ந்து 71 மீட்டர்.

நனைந்த சாலையில் தேய்ந்த டயரின் உராய்வுக் கெழு 0.3க்கு இறங்கிவிட்டால், அதே 90 கிலோமீட்டரில் நிற்க 131 மீட்டர் வேண்டும். ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம்.

இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்காவது வந்ததா? வரவில்லை. காரின் எடைகூட வகுபட்டுப் போய்விடும். மிஞ்சுவது வேகமும் உராய்வும் மட்டுமே. உராய்வைத் தருவது டயர். டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. தரைக்கும் டயருக்கும் இடையே வரும் மழைநீர் வெளியேறும் வாய்க்கால்கள் அவை. பள்ளம் தேய்ந்தால் நீருக்கு வழியில்லை. கார் நீரின் மேல் சறுக்கும்.

1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்த பாசிர் கூடாங் பந்தயத் தடம் நமக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பந்தயத் தடத்தில் வளைவுக்கு வெளியே சறுக்கி நிற்க இடம் விட்டிருப்பார்கள். கோத்தா திங்கி சாலையில் வளைவுக்கு வெளியே கால்வாயும் செம்பனை மரமும்தான் இருக்கின்றன.

பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள், மழை இல்லாத நேரத்தில் போங்கள். "நான் வரும்வரை என்ஜினை முடுக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், யாரோ ஏற்கெனவே முடுக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின்தான் தன் நோயை மறைக்காது.

புகையைப் பாருங்கள். முதலில் சிறிது வெண்ணிற ஆவி வந்து மறைவது இயல்பு. வெள்ளைப் புகை விடாமல் வந்தால், குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் கசிகிறது. நீலப் புகை என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலாடை போல் படிந்திருந்தால், எண்ணெயோடு நீர் கலந்திருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

டைமிங் பெல்ட்டைக் கேளுங்கள். கேம்ப்ரோ என்ஜினில் வால்வுகளை இயக்குவது ரப்பர் பெல்ட். மைவி 1.5இல் அந்த வேலையைச் சங்கிலி செய்கிறது. பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். மாற்றியதற்குப் பட்டறை ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வெள்ளம் புகுந்த காரா என்று பாருங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது நம் வட்டாரத்தில் யாருக்கும் மறக்காது. 2023 மார்ச்சிலும் ஜொகூரில் பல இடங்களில் வெள்ளம். நீரில் நின்ற காரைக் கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்க முடியும். ஆனால் மின்கம்பி இணைப்புகளில் புகுந்த நீர், செம்பையும் இரும்பையும் மெல்ல அரிக்கும். இன்று ஓடும் கார் ஆறு மாதம் கழித்து நடுச்சாலையில் அணைந்துபோகும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

விபத்தில் சிக்கிய காரா என்று பாருங்கள். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டும். பட்டி பூசி வண்ணம் அடித்த இடத்தில் பிடி தளரும். பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டாது, அது இயல்பு.

டயரின் வயதைப் படியுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு, டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் காலம் முடிந்தது என்று பொருள்.

ஏபிஎஸ், ஏர்பேக் இருக்கிறதா? அந்தக் கால உள்நாட்டுக் கார்களில் மலிவான வகைகள் சில, இவை இல்லாமலே விற்கப்பட்டன. ஒரே மாடலில் இவை உள்ள வகையைத் தேடுங்கள். சாவியைத் திருப்பியதும் இவற்றின் விளக்குகள் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

கடைசியாக, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அல்லது காரை அவருடைய பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அவருக்குக் கூலி கொடுங்கள். வியாபாரி கொடுக்கும் கமிஷனில் வரும் நண்பரின் கருத்தைவிட, நீங்கள் கூலி கொடுத்துக் கேட்கும் கருத்து நேர்மையானது. பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் புஸ்பகோம் சோதனை, சேசிஸ் எண், என்ஜின் எண், அடிப்படைப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்ப்பது. டைமிங் பெல்ட் அடுத்த மாதம் அறுமா என்று அது சொல்லாது.

வாங்கும் விலை, வைத்திருக்கும் விலை

தீபகற்ப மலேசியாவில் தனியார் காரின் சாலை வரி என்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 வெள்ளி. நியோவும் மைவி 1.5உம் இந்த வரம்புக்குள் வந்துவிடும். 1990களின் இறுதியில் வந்த சத்ரியா ஜிடிஐ மீது இன்றும் பலருக்கு ஆசை. லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த கார் அது, 1,834 சிசி. 1,800க்கு மேல் 280 வெள்ளியும், கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் 50 காசும் என்ற கணக்கில், அதன் சாலை வரி 297 வெள்ளி. வரியைவிடப் பெரிய செலவு, இருபது வயது கடந்த காரின் உதிரிப் பாகங்கள்.

காப்புறுதியில் நோ கிளேம் தள்ளுபடி காருக்குச் சொந்தமல்ல, ஆளுக்குச் சொந்தம். முன்பிருந்தவரின் 55 விழுக்காடு உங்களுக்கு வராது. நீங்கள் பூஜ்யத்தில் தொடங்கி, ஓராண்டு கழித்து 25 விழுக்காடு பெறுவீர்கள். மேலும், முழுக் காப்புறுதியில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ 'பி' உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டும்போது சேதம் நேர்ந்தால், முதல் 400 வெள்ளியை நீங்களே ஏற்க வேண்டும். சிறு உரசலுக்கெல்லாம் காப்புறுதி கைகொடுக்காது என்று பொருள்.

எனவே 18,000 வெள்ளி இருந்தால் 18,000 வெள்ளிக் காரைப் பார்க்காதீர்கள். 14,000க்கு மேல் போகாதீர்கள். மீதி 4,000இல் காப்புறுதி, சாலை வரி, பெயர் மாற்றம். பிறகு நான்கு நல்ல டயர்கள், பிரேக் பேட், பிரேக் எண்ணெய், என்ஜின் எண்ணெய். தேவைப்பட்டால் டைமிங் பெல்ட். மிச்சம் இருப்பதைத் தொடாமல் வையுங்கள். பழைய கார் கேட்காமல் இருக்காது.

எந்தக் கார்?

வெள்ளை நியோவா, வெள்ளி மைவியா? இரண்டில் எது குளிர்ந்த நிலையில் சுத்தமாக முடுங்கியதோ, எதற்கு ரசீதுகள் இருக்கின்றனவோ, எதை யாரும் வெட்டவும் ஒட்டவும் இல்லையோ, அது. இரண்டும் சமமாகத் தேறினால், கணக்கு மைவியின் பக்கம் சாய்கிறது. எடை குறைவு, சங்கிலி உண்டு, நான்கு கதவு, உதிரிப் பாகம் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். மனம் நியோவைத்தான் கேட்கிறது என்றால், மாற்றம் செய்யாத சிபிஎஸ் வகையாகத் தேடுங்கள். வளைவில் நன்றாகப் பிடித்து ஓடும் கார் என்று அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் டயருக்கும் பெல்ட்டுக்கும் பணம் எடுத்து வைத்த பிறகே வாங்குங்கள்.

நல்ல டயரும் நல்ல பிரேக்கும் உள்ள 100 குதிரைத்திறன் கார், வழுக்கை டயர் போட்ட 140 குதிரைத்திறன் காரைவிட வளைவிலும் மழையிலும் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார். இது ஆறுதல் வார்த்தை அல்ல. மேலே நீங்களே போட்டுப் பார்த்த கணக்கு.

வீட்டில் செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள காரின் குதிரைத்திறனையும் எடையையும் கையேட்டில் பார்த்து, டன்னுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். குடும்பம் முழுவதும் ஏறினால் எவ்வளவு குறைகிறது?

2. நான்கு டயர்களின் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். பள்ளத்தின் ஆழத்தைச் சிறு அளவுகோலால் அளந்து பக்கத்தில் குறியுங்கள்.

3. காரின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர், உராய்வுக் கெழு 0.7. நிற்கும் தூரம் எவ்வளவு? வேகத்தை நொடிக்கு மீட்டராக மாற்றி, அதன் இருமடியை 2, 0.7, 9.8 ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுங்கள். ஒரு நொடியில் போகும் தூரத்தைக் கூட்ட மறந்துவிடாதீர்கள்.

விடையை அப்பாவிடமும் அம்மாவிடமும் காட்டுங்கள். கார் வாங்க அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு நீங்கள் காட்டக்கூடிய முதல் கணக்கு அதுதான்.